ஊருணிப் பாசியின் ஓட்டுக் கூரை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் முதலில் வெளியே வருவது குடை இல்லை, அண்டா. வளவைச் சுற்றி நாலு பக்கமும் நாட்டு ஓட்டுக் கூரை உள்நோக்கிச் சரிந்திருக்கும். ஓடு ஒவ்வொன்றும் குவித்த உள்ளங்கையைப் போலச் சின்னது; ஒரு ஓட்டில் விழும் மழையை மட்டும் பிடித்தால் ஒரு டம்ளர் நிறைய எவ்வளவோ நேரம் ஆகும். ஆனால் ஆயிரக்கணக்கான ஓடுகளில் விழுந்தது வழிந்து, விளிம்புத் தகரத்தில் சேர்ந்து, மூலைத் தூம்பு வழியாகக் கொட்டும்போது அண்டா மளமளவென்று நிரம்பிவிடும். முதல் மழையை ஓடவிட்டு, கூரை கழுவிய பிறகு வெள்ளைத் துணி கட்டித்தான் அப்பத்தா பிடிப்பார்.

போன மழைக்கு அந்தத் தூம்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோதுதான் அண்ணன் மகள் கேட்டாள். பதினொன்றாம் வகுப்பு. “சித்தப்பா, லைட் ஹார்வெஸ்டிங் காம்ப்ளெக்ஸ்னா என்ன? புத்தகத்துல புனல் மாதிரி ஒரு படம் இருக்கு. படிச்சா ஒண்ணும் ஏறல.”

தமிழில் சொன்னாலே பாதி புரிந்துவிடும்: ஒளி சேகரிக்கும் கூட்டமைப்பு. மழைநீர் சேகரிப்பு என்ற சொல் நமக்கெல்லாம் பழக்கம். 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியபோது, எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் யாரும் சொல்லாமலே அதைச் செய்துகொண்டிருந்தன. கொஞ்சம் ஊர்ப் பெருமைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே சேர்வது தண்ணீர், இங்கே சேர்வது வெளிச்சம். ஓட்டுக்குப் பதில் பச்சையம்.

வெளிச்சத்தைச் சேகரிப்பது யார் என்று பார்க்க எங்கள் ஊருணிக்குப் போனால் போதும். படிக்கட்டில் வழுக்கும் நீளமான பச்சை இழை, கோடையில் தண்ணீரே பச்சைச் சாயம் கரைத்தது போல ஆகிவிடுவது, இவற்றில் பெரும்பகுதி பச்சைப் பாசிகளின் வேலை. இழையாக இருப்பது ஸ்பைரோகைரா போன்ற வகைகள். தண்ணீரில் கரைந்தது போலத் தெரிவது குளோரெல்லா, கிளாமிடோமோனாஸ் போன்ற ஒற்றைச் செல் வகைகள். ஆனால் மேலே பெயிண்ட் கொட்டியது போல நீலம் கலந்த படலம் மிதந்தால் அது வேறு கூட்டம். நீலப்பச்சைப் பாசி என்று பெயர் இருந்தாலும் உண்மையில் அவை பாக்டீரியாக்கள். அவற்றின் ஒளி சேகரிக்கும் அமைப்பு வேறு மாதிரி, அது இந்தக் கட்டுரையில் வராது.

சரி, வெளிச்சத்தை எதற்குச் சேகரிக்க வேண்டும்? வெயில்தான் கொளுத்துகிறதே?

அங்கேதான் கணக்கு நம்மை ஏமாற்றும். வெளிச்சம் துளித் துளியாக வருகிறது. ஒரு துளிக்கு போட்டான் என்று பெயர். உச்சி வெயிலில்கூட ஒரு தனிப் பச்சைய மூலக்கூறின் மேல் நொடிக்கு ஏதோ சில போட்டான்கள்தான் படும். மேகம் வந்தாலோ, தண்ணீருக்குள் இரண்டடி இறங்கினாலோ அதுவும் இல்லை. ஆனால் அந்த ஆற்றலை வாங்கி வேலை செய்யும் இடமான வினை மையம் நொடிக்கு நூறு போட்டான்களைக்கூடச் சமாளிக்கும். அது கட்டுவதற்குச் செலவு பிடிக்கும் யந்திரம்: பல புரதங்கள், நான்கு மாங்கனீஸ் அணுக்கள், ஒரு கால்சியம் என்று சேர்த்துக் கோர்த்தது. இதை ஒவ்வொரு பச்சையத்துக்கும் ஒன்று வைப்பது, ஒவ்வொரு ஓட்டுக்கும் கீழே ஒரு அண்டா வைப்பது மாதிரி.

இன்னொரு சிக்கலும் உண்டு. வினை மையம் தண்ணீரைப் பிளந்து ஒரு ஆக்சிஜன் மூலக்கூறைத் தருவதற்கு அதன்மேல் நான்கு அடி விழ வேண்டும், நான்கு போட்டான்களின் ஆற்றல். முதல் இரண்டு அடி விழுந்தபின் மூன்றாவது ரொம்ப நேரம் வராமல் போனால், அதுவரை ஏறியது மெல்ல இறங்கிவிடும். கிணற்றில் வாளியைப் பாதி தூக்கிக் கயிற்றை விட்டது போல. அதனால் மங்கிய வெளிச்சத்தில் பிழைக்கும் பாசிக்குக் கூரை பெரிதாக இருக்க வேண்டும், துளிகள் விட்டுவிடாமல் வர வேண்டும்.

இது முதலில் தெரிந்ததும் ஒரு பச்சைப் பாசியில்தான். 1932இல் அமெரிக்காவில் ராபர்ட் எமர்சனும் வில்லியம் அர்னால்டும் குளோரெல்லாவை எடுத்துக்கொண்டு நியான் விளக்கால் மின்னல் வெட்டுவது போல மிகச் சிறிய நேர ஒளியை அதன்மேல் அடித்தார்கள். ஒவ்வொரு வெட்டும், இதற்குமேல் கூட்டினாலும் ஆக்சிஜன் கூடாது என்னும் அளவுக்குப் பிரகாசம். பச்சையம் ஒவ்வொன்றும் தனித்தனியாக வேலை செய்தால் சில பச்சையங்களுக்கு ஒரு ஆக்சிஜன் வர வேண்டும். வந்ததோ சுமார் 2,500 பச்சையங்களுக்கு ஒரே ஒரு ஆக்சிஜன்! மற்றவை எல்லாம் சும்மா உட்கார்ந்திருந்தனவா? 1936இல் காஃப்ரானும் வோலும் சொன்ன பதில்: சும்மா இல்லை, நூற்றுக்கணக்கான பச்சையங்கள் தாங்கள் வாங்கியதை ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. ஒரு ஆக்சிஜனுக்கு மொத்தம் எட்டு போட்டான் வேண்டும் என்று பிற்பாடு தெரிந்தது: தண்ணீரைப் பிளக்கும் மையத்துக்கு நான்கு, அதோடு தொடராக வேலை செய்யும் இன்னொரு வகை மையத்துக்கு நான்கு. வகுத்துப் பார்த்தால் ஒரு வினை மையத்துக்கு ஏறத்தாழ 300 பச்சையம்.

(அதே 1932இல்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. ஐயங்கார் ஈர மண்ணில் வளரும் பிரிட்சியெல்லா என்ற பச்சைப் பாசியை உலகுக்கு அறிமுகம் செய்தார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். குளோரெல்லா கதை சொல்லும் பாடப்புத்தகங்கள் அவருக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம்.)

இதுவரை கேட்டுவிட்டு அண்ணன் மகள் சரியான இடத்தில் மடக்கினாள். “அப்ப பச்சையம் நிறைய இருந்தா போதும். புரதம் எதுக்கு?” இதற்கு வாயால் பதில் சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று தோன்றியது.

மழை விட்டதும் ஊருணிப் படியில் ஒரு பிடி இழைப்பாசி எடுத்து வந்தோம். தண்ணீரை நன்றாகப் பிழிந்துவிட்டு, இஞ்சி தட்டும் சின்ன இடிகல்லில் போட்டு நசுக்கினோம். அம்மியைத் தொட அப்பத்தா விடவில்லை. மருந்துக் கடையில் வாங்கிய ஸ்பிரிட்டைக் கொஞ்சம் ஊற்றி, அடுப்பிலிருந்து தள்ளி, திண்ணையில் வைத்துக் கலக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் தெளிவான பச்சைச் சாறு. இனி இருட்டு வேண்டும். இரண்டாம் கட்டில் ஜன்னல் இல்லாத அறைக்குப் போனோம். கள்ளநோட்டுப் பார்க்கக் கடைகளில் வைத்திருப்பார்களே, ஊதா வெளிச்சம் அடிக்கும் டார்ச், அதைச் சாற்றின்மேல் அடித்தேன்.

சாறு சிவந்தது. மாதுளைச் சாற்றின் சிவப்பு, பாட்டிலின் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இன்னும் அடர்த்தி. அவள் டார்ச்சை வாங்கி அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. பிறகு மிச்சமிருந்த உயிருள்ள பாசியின்மேல் அதே டார்ச்சை அடித்தாள். கண்ணுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

இதுதான் விஷயம். பாட்டிலில் இருக்கும் பச்சையம் வெளிச்சத்தை வாங்கிவிட்டது, ஆனால் கொடுக்க ஆளில்லை. ஸ்பிரிட் புரதத்தைக் குலைத்துப் பச்சையத்தை உதிர்த்துவிட்டது. வாங்கிய ஆற்றலைச் சில நானோ நொடி கையில் வைத்துக்கொண்டு, அதில் ஒரு நல்ல பங்கைச் சிவப்பு வெளிச்சமாகவே திருப்பி உமிழ்கிறது. நானோ நொடி என்பது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. உயிருள்ள பாசியிலோ ஆற்றல் கைமாறி வேலைக்குப் போய்விடுகிறது. சிவப்பாகக் கசிவது நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். அதே பச்சையம், அதே டார்ச். மாறியது அது நிற்கும் இடம்.

கூரையைப் பிரித்து ஓடுகளை எல்லாம் முற்றத்தில் குவித்து வைத்தால் என்ன ஆகும்? ஓடு குறையவில்லை, மழையும் குறையவில்லை, ஆனால் தூம்பில் ஒரு சொட்டு வராது. ஓட்டைக் கூரையாக்குவது கைமரமும் ரீப்பரும். பச்சையத்தைக் கூரையாக்குவது புரதம்.

அந்தப் புரதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். எல்எச்சி 2 என்று சுருக்கமாகச் சொல்வார்கள். செல்லுக்குள் இருக்கும் பச்சை உறுப்பான பசுங்கணிகத்துக்குள் அடுக்கடுக்காக இருக்கும் தைலகாய்டு சவ்வில் இது பதிந்திருக்கிறது. புரதத்தின் மூன்று சுருள்கள் சவ்வைக் குறுக்கே துளைத்து நிற்கும், மூன்று தூண் போல. அந்தத் தூண்களைச் சுற்றிப் பதினான்கு பச்சையம்: எட்டு ஏ வகை, ஆறு பி வகை. கூடவே நான்கு கரோட்டினாய்டு, அதாவது காரட்டுக்கும் மாம்பழத்துக்கும் நிறம் தரும் குடும்பத்தைச் சேர்ந்தவை. பட்டாணியிலிருந்து எடுத்த எல்எச்சி 2வின் வடிவத்தை 1994இல் கூல்பிராண்ட் குழு கண்டது. பதினான்கு என்ற கணக்கு 2004இல் பசலைக் கீரையில் உறுதியானது. இப்படி மூன்று புரதங்கள் கூடி ஒரு கட்டு. ஒரு கட்டுக்கு நாற்பத்திரண்டு பச்சையம். எடை போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறமிதான். கைமரத்துக்கு நிகராக ஓடு ஏற்றிய கூரை.

பக்கத்துப் பக்கத்துப் பச்சையங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே சுமார் ஒரு நானோமீட்டர். இந்த இடைவெளிதான் முழு வித்தை. இன்னும் தள்ளி இருந்தால் ஆற்றல் கைமாறாது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஆற்றல் வெப்பமாகச் செத்துப்போகும். இவ்வளவு நெருக்கமாகப் பச்சையத்தை வெறும் திரவத்தில் கரைத்தால் அந்தக் கெடுதிதான் நடக்கும். புரதமோ ஒவ்வொன்றையும் பிடித்து, எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பி நிறுத்துகிறது.

கைமாறுவது என்றால் ஏதோ பொருளை எடுத்துக் கொடுப்பது இல்லை. எலக்ட்ரானும் நகர்வதில்லை, போட்டானும் பறப்பதில்லை. ஒரே சுருதிக்குக் கூட்டிய இரண்டு தம்புராக்களைப் பக்கத்தில் வைத்து ஒன்றை மீட்டினால், தொடாத மற்றதன் தந்தியும் அதிருமே, அந்த மாதிரி. ஒரு பச்சையத்தின் அதிர்வு அடங்கும்போது அடுத்ததில் அது எழுகிறது. ஒரு தாவல் நடப்பது நானோ நொடியிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவான நேரத்தில். பல தாவல்கள் அதைவிட வேகம். பச்சையம் ஆற்றலைச் சில நானோ நொடி தாங்கும் என்று சொன்னேன் இல்லையா? அது ‘சிவப்பாகக் கொட்டிவிடலாமா’ என்று யோசிப்பதற்குள் ஆற்றல் எத்தனையோ கை மாறிவிடும்.

ஏ, பி என்று இரண்டு வகை எதற்கு? இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு ஓரத்தில் ஒட்டிய ஒரே ஒரு சிறு தொகுதிதான். அந்தச் சின்ன மாற்றத்தால் ஏ தொடாமல் விடும் நீல வெளிச்சத்தில் ஒரு பகுதியை பி பிடித்துக்கொள்கிறது. இன்னொரு லாபம், பியின் ஆற்றல் மட்டம் ஏயைவிடக் கொஞ்சம் உயரம். உயரத்திலிருந்து பள்ளத்துக்குப் போவது எளிது, ஏறுவது கஷ்டம். அதனால் பி வாங்கியது உடனே ஏவுக்குச் சரிந்துவிடும். கூரைக்குச் சரிவு கொடுத்த மாதிரியே.

இந்த உவமையை இதற்குமேல் இழுத்தால் பொய்யாகிவிடும். பாடப்புத்தகத்துப் புனல் படத்தோடு எனக்குள்ள சண்டையும் இதுதான். மழைத் தண்ணீர் கீழேதான் ஓடும், திரும்ப ஏறாது. ஆனால் ஏவுக்கு வந்து சேர்ந்த பிறகு, வினை மையம் வரை உள்ள பாதை கிட்டத்தட்டச் சமதளம். ஆற்றல் அங்கே அங்குமிங்கும் அலைகிறது, வந்த வழியே திரும்பவும் செய்கிறது, கடைசியில் வினை மையத்தில் சிக்குகிறது. சிக்கியதும் அங்கே ஒரு எலக்ட்ரான் கிளம்பிவிடுவதால் கதை முடிந்தது. எலக்ட்ரான் கிளம்பியதற்குப் பிறகு நடப்பது மின்வேதியியல், காரைக்குடிக்காரர்களுக்கு அது பழகிய சொல். 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

பச்சைப் பாசிக்கு இதில் சில தனிக் கைவேலைகள் உண்டு. கிளாமிடோமோனாஸில் எல்எச்சி 2 கட்டுகளைச் செய்ய ஒன்பது மரபணுக்கள். 2019இல் எடுத்த நுண்படங்களில், ஜோடியாக நிற்கும் இரண்டு வினை மையங்களைச் சுற்றி ஆறு கட்டுகள் தெரிந்தன. நிலத்துச் செடிகளின் இதே அமைப்பில் வழக்கமாகக் காண்பது நான்கு. கலங்கிய தண்ணீரில் கிடக்கும் ஜீவனுக்குக் கூரை கூடுதலாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. கடலில் வாழும் கோடியம் போன்ற சில பச்சைப் பாசிகள் இன்னும் ஒரு படி மேலே போய், ஆழத்தில் மிஞ்சும் பச்சை வெளிச்சத்தையே பிடிக்கத் தனி நிறமி வைத்திருக்கின்றன.

மழை குறைவாக வருவதைப் பேசினோம். ஒரேயடியாகக் கொட்டினால்?

சித்திரை வெயிலில் ஊருணியின் மேல்மட்டத்தில் மிதக்கும் செல்லுக்கு இதுதான் நிலைமை. கூரை பெரிதாக இருப்பதே வினையாகிவிடும். அண்டா நிரம்பி வழிந்தால் வளவு ஈரமாகும், அவ்வளவுதான். இங்கே வழியும் ஆற்றல் யந்திரத்தையே எரித்துவிடும். அதற்குக் கிளாமிடோமோனாஸ் வைத்திருக்கும் ஏற்பாடு எல்எச்சிஎஸ்ஆர் 3 என்ற ஒரு உறவுக்காரப் புரதம். பார்க்க ஒளி சேகரிக்கும் புரதம் மாதிரியே இருக்கும், செய்யும் வேலை நேர் எதிர். கடும் வெளிச்சம் பட்டால் அது கூடுதலாக உருவாகிறது. வேலை அதிகமாகித் தைலகாய்டின் உட்புறம் புளிப்பேறியதும், அந்தப் புளிப்பை உணர்ந்து, வரும் ஆற்றலை வெப்பமாக மாற்றி வெளியே தள்ளுகிறது. இந்தப் புரதம் இல்லாத பாசி கடும் வெளிச்சத்தில் தடுமாறும் என்று 2009இல் காட்டினார்கள். நம் தோட்டத்துக் கத்தரிக்கும் முருங்கைக்கும் இது கிடையாது. அவை வேறொரு புரதத்தை வைத்து இதே காரியத்தை நடத்துகின்றன.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. வினை மையமும் அதற்கான கூரையும் சேர்ந்ததை ஒளித்தொகுப்பு என்பார்கள். பாசியில் இரண்டு விதமான ஒளித்தொகுப்புகள் தொடராக வேலை செய்கின்றன. இரண்டாவது தொகுப்பு தண்ணீரைப் பிளந்து எலக்ட்ரானை அனுப்பும், முதலாவது அதை வாங்கி இன்னும் மேலே ஏற்றும். பெயரில் எண் தலைகீழாக இருக்கும், கண்டுபிடித்த வரிசையில் வைத்த பெயர் என்று விட்டுவிடுங்கள். இரண்டாவது முதலாவதைவிட வேகமாக ஓடினால் நடுவில் நெரிசல். அப்போது எஸ்டிடி 7 என்ற நொதி, இரண்டாவது தொகுப்போடு இருக்கும் எல்எச்சி 2 கட்டுகளில் பாஸ்பேட் முத்திரை குத்துகிறது. முத்திரை விழுந்த கட்டுகள் கழன்றுகொள்ளும். ஒரு பகுதி முதல் தொகுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். தூம்பைத் திருப்பி வேறு அண்டாவில் விடுவது மாதிரி, சில நிமிடங்களில் முடிந்துவிடும். நெரிசல் தீர்ந்தால் முத்திரை அழிந்து கட்டு பழைய இடத்துக்கே திரும்பும். நிலத்துச் செடிகளிலும் இது சிறிய அளவில் உண்டு. கிளாமிடோமோனாஸ்தான் இதில் கெட்டிக்காரி.

கூரை பெரிதாக இருப்பதால் வரும் நஷ்டத்தைப் பாசி வளர்ப்பவர்கள் நன்றாக அறிவார்கள். தொட்டி முழுக்கப் பச்சையாக அடர்ந்துவிட்டால், மேலே இருக்கும் செல்கள் தேவைக்கு மேல் வெளிச்சத்தை விழுங்கி வெப்பமாக வீணடிக்கும். ஒரு சாண் கீழே இருப்பவை இருட்டில் பட்டினி. அதனால் வேண்டுமென்றே கூரை சிறுத்த பாசிகளைத் தேடினார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லியில் அனஸ்தாசியோஸ் மெலிஸ் குழு, பச்சையம் குறைந்த கிளாமிடோமோனாஸ் வகைகளை உருவாக்கி, அடர்ந்த வளர்ப்பில் வெளிச்சம் ஆழம் வரை இறங்குவதையும் விளைச்சல் கூடுவதையும் காட்டியது. வெளிறிய பாசி அதிகம் விளைகிறது என்றால் நம்ப முடியாமல்தான் இருக்கும். ஊருணியில் மற்றப் பாசிகளோடு போட்டிக்கு விட்டால் அது தோற்றுவிடும். பக்கத்துச் செல்லுக்குக் கிடைக்காமல் வெளிச்சத்தைத் தட்டிப் பறிப்பதும் பிழைக்கும் வழிதானே.

அன்று இரவு அந்தப் பச்சைச் சாறு பாட்டிலை மூடி, அவள் மறுநாள் தோழிகளுக்குக் காட்ட வேண்டும் என்று எடுத்து வைத்தாள். வைத்த இடம் கிழக்குப் பார்த்த ஜன்னல். காலையில் மழை இல்லை, நல்ல வெயில். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் பாட்டிலில் பழுப்பும் மஞ்சளும் கலந்த கழுநீர். டார்ச் அடித்தால் சிவப்பு பேருக்குத்தான் இருந்தது.

“அதே வெயில்தானே ஊருணியிலயும் அடிக்குது? அங்க பாசி அப்படியே பச்சையாத்தானே இருக்கு?”

அதற்குப் பதில் அந்த நான்கு கரோட்டினாய்டுகளில் இருக்கிறது. ஆற்றலைக் கொடுக்க ஆளில்லாமல் நின்றுவிடும் பச்சையம் சில சமயம் பக்கத்தில் வரும் ஆக்சிஜனுக்கு அதைக் கொடுத்துவிடும். அப்படி வாங்கிய ஆக்சிஜன் வெறிபிடித்தது போல, பச்சையத்தையே கடித்துக் குதறும். புரதத்துக்குள் கரோட்டினாய்டு பச்சையத்தை உரசிக்கொண்டு நிற்பதால், அந்த ஆற்றலைத் தான் வாங்கி வெப்பமாக ஆற்றிவிடுகிறது. பாட்டிலிலும் கரோட்டினாய்டு இருந்தது, வடிகட்டும்போது அதுவும் சேர்ந்தேதான் வந்தது. ஆனால் ஸ்பிரிட்டில் அது ஒரு மூலையில், பச்சையம் ஒரு மூலையில்.